முட்டி கிழிஞ்ச பேன்ட்

அட, கூச்சப்படாம கழட்டிக் குடுங்க சார். இந்தாங்க துண்டு, இடுப்புல சுத்திக்கங்க. ரெண்டு முட்டியும் போயிடுச்சு, உள்ளே ஒட்டுத்துணி வச்சு அடிச்சாதான் நிக்கும். மழைத்தண்ணி நின்னா கடை வாசல்ல இருக்கிற சாக்கடைக் குழி என் கண்ணுக்கே தெரியாது, உங்களைச் சொல்லி என்ன குத்தம்?

திட்டுங்க, நல்லா திட்டுங்க. கவுன்சிலரைத் திட்டாம இதுல விழுந்து எழுந்தவன் யாரு? ஆனா அந்தாளு யாருன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? பாத்தீங்களா! நம்ம வார்டுதானே நீங்க? பின்தெருவா, ரொம்ப நல்லது.

பேப்பர் படிக்கிறதுண்டா சார்? போன்லயே எல்லாம் வந்துடுதா, சரிதான். எவனோ நடிகன் வீட்டு நாய் குட்டி போட்டது வருது. நம்ம வார்டு எலெக்‌ஷனுக்கு மனு போடக் கடைசி நாள் வந்துச்சா? அது பேப்பர்ல உள்பக்கத்து மூலையில வந்துச்சு. முன்னெல்லாம் இந்த பெஞ்சுல ஒரே பேப்பரை ஆறு பேரு பிச்சுப் படிப்பாங்க. என் மச்சான் ஒரு தலையங்கத்துக்காக டீக்கடைக்காரர் சட்டையைப் பிடிச்சான், அந்தப் பட்டனை நான்தான் தெச்சேன். இப்ப தெருவுலயே ஒருத்தன்தான் பேப்பர் வாங்குறான். அவனும் படிக்கவா வாங்குறான்? சட்டைக்கு அளவு மாதிரி வெட்ட. காலர் வெட்டும்போது கத்திரிக்கு நடுவுல அறிவிப்பு கண்ணுல பட்டுச்சு, சும்மா போட்டுப் பாப்போமேன்னு மனு போட்டான். வேற ஒரு ஈ காக்கா போடலை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, போட்டியே இல்லாம ஜெயிச்சுட்டான்! பொண்டாட்டி ஒரு வாரம் பேசலை.

குழியை மூடினானான்னுதானே கேக்குறீங்க? மூடணும்னுதான் சார் துடிக்கிறான். போன மழையில பள்ளிக்கூடத்துப் பொண்ணு ஒண்ணு விழுந்து கையை உடைச்சுக்கிச்சு, அன்னிலேர்ந்து அவனுக்குத் தூக்கமில்லை. ஆனா வார்டுக்காரங்க அஞ்சு பேரு கூட்டத்துல கை தூக்கினாதான் பணம் வருமாம். கூட்டம் எப்பன்னு பேப்பர்ல போட்டாங்க, வார்டு ஆபீஸ் கிளார்க் மட்டும் வந்தாரு. போன்ல அனுப்பினான், எல்லாரும் கட்டைவிரலைக் காட்டிட்டு வீட்டுலயே இருந்துட்டாங்க. கதவைத் தட்டினா, அரசியலே வேணாம்ப்பான்னு சாத்துறாங்க.

பேன்ட்டா? தெச்சாச்சு, தரேன். அதுக்கு முன்னாடி அந்தத் திரையைக் கொஞ்சம் விலக்குங்க. பயப்படாதீங்க, காலையிலேர்ந்து துண்டோட உக்காந்திருக்காங்க, நாலு பேரும் இதே குழிதான். நீங்க அஞ்சாவது. கிளார்க் சார், எழுதிக்கங்க, கூட்டத்தை ஆரம்பிச்சுடலாம்.

தலைமை யாரா? நான்தான் சார் அந்தக் கவுன்சிலரு. ம், கையைத் தூக்குங்க. ஒரு கை போதும், இன்னொரு கையால துண்டைப் பிடிச்சுக்கங்க.