ராணிக்கு ஒன்ஸ்மோர்

சுக்குத்தண்ணீருக்குச் சந்தோஷம், இன்ஸ்பெக்டர் ஐயா. வெல்லம்தான் கொஞ்சம் தூக்கல்.

தில்லைநாயகம் அண்ணாச்சியின் பெயர் இன்று மதராஸ் வரை தெரியும். நீங்கள் விசாரிக்கிற படம், ஜெர்மன் சண்டை தொடங்கின வருஷம், கார்த்திகையில், அவர் எடுத்த முதல் குட்டிப் படம். பழைய காவியத்தில் ஒரே ஒரு கட்டம்: ராணி ஆற்றில் இறங்கி உயிரை விடுகிறாள். முக்கூடல் படித்துறையில் எடுத்தோம். ராணி வேஷம் எங்கள் நாடகக் கம்பெனி கொம்பையாவுக்கு. நான் மண்டபத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து, அவன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்திருந்தேன்.

கொம்பையா அருமையாகச் சாவான். சிக்கல் அதற்கப்புறம்தான். மேடையில் ராணி செத்ததும் சனங்கள் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால், எழுந்து கும்பிட்டு மறுபடி சாக வேண்டும். அது வழக்கம். கரையில் வேடிக்கை பார்த்த கூட்டமும் கேட்டது. முங்கினவன் சிரித்துக்கொண்டே எழுந்து கும்பிட்டான்.

“ஏலே, செத்தவ கும்பிடுவாளா?” என்றார் அண்ணாச்சி.

“சனம் கேக்குதுல்லா அண்ணாச்சி. கும்பிடலேன்னா மரியாத இல்லயே.”

வயிறு வலிக்கச் சிரித்தேன். மறுபடி எடுத்தார்கள். மறுபடி கும்பிட்டான். மிஞ்சியது ஒரே சுருள். அதுவும் வீணானால் படமே இல்லை என்று அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“வைத்தியண்ணே, வெள்ளம் இழுக்கு. கயித்தப் பாத்துப் பிடியும் வே,” என்றான் கொம்பையா.

“நீ பைய இறங்குலே. நான் இருக்கேம்லா.”

அவன் முங்கியதும் விட்டேன். கை வழுக்கியது என்று எழுதாதீர்கள், ஐயா. விரல் விரலாகப் பிரித்துத்தான் விட்டேன். புடவை தண்ணீரில் விரிந்தது. ஒரு கை மேலே வந்து போனது. கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டது. அவன் எழவில்லை.

“இதுதாம்லே நடிப்பு,” என்றார் அண்ணாச்சி. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நிஜச் சாவு என்று அந்நேரம் அவருக்குத் தெரியாது.

போன வாரம் பாளையங்கோட்டைக் கொட்டகையில் பார்த்தேன். சனம் ஒன்ஸ்மோர் கேட்க, சுருளைத் திருப்பிச் சுற்றி மறுபடி ஓட்டினார்கள். அப்போதுதான், நான் பிடித்திருக்க வேண்டிய கயிற்றின் நுனி மிதந்து போவதை, கூட்டத்தில் இருந்த நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். நான் கவனித்தது கொம்பையாவை. சிரிக்காமல், கும்பிடாமல், எவ்வளவு அழகாகச் சாகிறான். படத்துக்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் கம்பெனிக்கு வரும்வரை ராணி வேஷம் என்னுடையது என்று யாராவது வந்து சொல்வார்கள். உண்மைதான். எனக்கு ஒருநாளும் யாரும் ஒன்ஸ்மோர் கேட்டதில்லை, ஐயா. அதை மட்டும் எழுத வேண்டாம்.