மைனஸ் பன்னெண்டு

இல்ல தம்பி, நான் கத்தல. என் தொண்டையே இப்படி ஆயிப்போச்சு, அதை அப்புறம் சொல்றேன். முதல்ல இதைப் பிடிங்க. பிடிங்கன்னா... கடிக்காது. நீங்க குடுத்த ஐசிதான். வோல்டேஜை மைனஸ் பன்னெண்டுல நிறுத்தறது. முதல்ல ஒண்ணு குடுத்தீங்க, செத்துச்சு. முகத்தைச் சுளிக்காம வேற குடுத்தீங்க, அதுவும் செத்துச்சு. இது மூணாவது. முட்டை வாங்கினா கூட மூணும் அழுகலா இருக்காது தம்பி!

நான் செஞ்ச பெட்டியையும் கொண்டாந்திருக்கேன், பிளஸ் பக்கத்தைப் பாருங்க. அதே கடை, அதே டப்பா, அதே நாள் வாங்கினது. ஒரு முணுமுணுப்பு உண்டா? தான் உண்டு தன் வேலை உண்டுன்னு பிளஸ் பன்னெண்டு குடுத்துட்டு இருக்கு. இந்த மைனஸ் இருக்கே... எங்க நாத்தனார் மாதிரி. வாசப்படியில நிக்கற வரைக்கும் சிரிச்ச முகம். வீட்டுக்குள்ள வந்து உக்காந்தா போதும், கலாட்டா.

சத்தியமா சொல்றேன். மேஜை மேல சும்மா ஒயர்ல தொங்கவிட்டு ஓட்டினா, மீட்டர் அழகா பன்னெண்டு காட்டுது. அதையே பெட்டிக்குள்ள வச்சு, திருகி, சுவிட்சைப் போட்டா... பட்! ஃபியூஸ் காலி. ஃபியூஸ் போச்சுன்னா ஐசி போச்சுன்னுதானே அர்த்தம்? என்ன? வெளிய எடுத்து மறுபடி ஓட்டிப் பாத்தேனான்னா? செத்ததை யாராவது எழுப்பிப் பாப்பாங்களா? தூக்கிக் குப்பையில போட்டேன்.

அப்படிப் பாக்காதீங்க. நான் ஒண்ணும் தெரியாதவ இல்ல. நாப்பது வருஷம் தையல் மிஷின் முன்னாடி உக்காந்தவ. மிஷினுக்கு மோட்டார் வச்சாங்க, மோட்டார் புகைஞ்சுது, பிரிச்சுப் பாத்தேன்... அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம் இது. நூல் கோக்கற கைக்கு ஒயர் ஒட்டறது பெரிசா? இந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க, எந்த ஒட்டாவது பிசிறா இருக்கா? இல்லல்ல? ஆங்.

ஐசியோட மூணு காலையும் மாத்தி ஒட்டியிருப்பேன்னு நினைக்கறீங்க. அந்தச் சிரிப்புலயே தெரியுது! இல்ல தம்பி. பிளஸ்ஸுக்கு நடுக்கால் பூஜ்யம். மைனஸ்ஸுக்கு நடுக்கால்லதான் கரண்டு உள்ள வருது. பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், நடக்கற வழி வேற வேற. அதெல்லாம் படம் போட்டு, ஒவ்வொரு காலா விரலை வச்சுப் பாத்துதான் ஒட்டினேன்.

எதுக்கு ரெண்டு வோல்டேஜுன்னா கேக்கறீங்க? அவரும் இதையேதான் கேட்டாரு. அவருன்னா எங்க வீட்டுக்காரர். அதோ, வெளிய ஸ்கூட்டர் மேல உக்காந்துக்கிட்டு உங்க போர்டை எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு இருக்காரே, அவரேதான். சத்தம்னா மேலயும் போவும் கீழயும் போவும், ஊஞ்சல் மாதிரி, அதனால பூஜ்யத்துக்கு மேல ஒரு பன்னெண்டு, கீழ ஒரு பன்னெண்டு வேணும்னு சொன்னேன். எப்படிச் சொன்னேன்? கத்திச் சொன்னேன். மாடி வீட்டம்மா எட்டிப் பாத்து, "ஊஞ்சல் எங்க வாங்கறீங்க?"ன்னு கேக்கறாங்க. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "பன்னெண்டு மணிக்கா? சரி, போலாம்"ன்னாரு.

காது தம்பி. ரெண்டு காதும். காதுக்குள்ள வைக்கற மிஷின் வாங்கலாம்னா, அதை வச்சா கிழவன் ஆயிடுவாராம். எழுபது வயசு! ஆனா பெரிய ஹெட்போன் மாட்டிக்கிறீங்களான்னு கேட்டா, "அது பசங்க மாட்டறதுதானே, மாட்டலாமே"ங்கறாரு. சரி, மைனர் எப்படி வேணாலும் மாட்டட்டும், கேட்டா சரின்னு இதை ஆரம்பிச்சேன். ஒரு மைக்கு, ஒரு ஆம்ப்ளிபயர், அதுக்கு இந்த சப்ளை. ஆம்ப்ளிபயர் எப்பவோ முடிஞ்சுது. இந்த மைனஸ்தான் உயிரை வாங்குது.

இன்னைக்கே வேணும். சாயந்திரம் பொண்ணு போன் பண்ணுவா. வெளியூர்ல இருக்கா. வாரா வாரம் பண்ணுவா, இவரு போனைப் பாத்துச் சிரிச்சுத் தலையாட்டுவாரு, அப்பாவுக்குக் கேக்குதுன்னே அவ நினைச்சிட்டு இருக்கா. போன வாரம் அவ சொல்றா, "அப்பா, என்னை வேலைய விட்டு எடுத்துட்டாங்கப்பா." இவரு, "நல்லது நல்லது, ரொம்ப சந்தோஷம்மா"ங்கறாரு! அந்தப் பொண்ணு மூஞ்சி... போனை வச்சுட்டா. அப்புறம் எனக்கு மட்டும் ஒரு வரி அனுப்பினா: "அப்பாவுக்குக் கோவமாம்மா?"

இவருக்கு இன்னும் தெரியாது தம்பி. எப்படிச் சொல்றது? கத்தினா தெருவே கேக்கும். கத்திச் சொல்ற விஷயமா அது? "உங்க பொண்ணுக்கு வேலை போச்சு!"ன்னு பால்காரன்கிட்ட சண்டை போடற மாதிரியா சொல்லுவாங்க? என்ன? பேப்பர்ல எழுதிக் காட்டறதா? கறிகாய் லிஸ்ட்டா அது! மெதுவாச் சொல்லணும். பக்கத்துல உக்காந்து, முதல்ல வேற ஏதாவது பேசி... ம். விடுங்க.

மீட்டரைக் குடுங்க. செத்ததுன்னு நானே காட்டறேன். ரெண்டு முனையும் ஒண்ணா இணைஞ்சிருந்தா பீப் அடிக்குமே, அந்த இடத்துல வைங்க. இதோ இந்த முதுகுத் தகட்டுல ஒண்ணு, நடுக்கால்ல ஒண்ணு... பீப்! கேட்டீங்களா! முதுகும் நடுக்காலும் ஒட்டிக்கிச்சு. உள்ள ஷார்ட்! நான் சொன்னா யாரு நம்பறா?

புதுசு எடுக்கறீங்களா, எடுங்க. அதையும் இங்கயே வச்சுப் பாத்துடலாம். முதுகு... நடுக்கால்... பீப். அட! இதுவும் செத்ததா? தம்பி, நல்ல ஐசி ஒண்ணாவது இருக்கா உங்ககிட்ட, இல்ல மொத்தத்தையும் சுடுகாட்டுலேருந்து எடுத்துட்டு வந்தீங்களா? இன்னொண்ணு எடுங்க. பீப். இன்னொண்ணு. பீப்.

ஏன் சிரிக்கறீங்க?

பிளஸ்ஸையா? அது நல்லாத்தானே இருக்கு, அதை எதுக்கு... சரி, நீங்க சொல்றீங்கன்னு வைக்கறேன். முதுகு, நடுக்கால்...

பீப்.

இருங்க. இருங்க, பேசாதீங்க. அப்போ முதுகுன்னா நடுக்கால்தான். கம்பெனியில செய்யும்போதே அப்படித்தான். பிளஸ்ஸோட நடுக்கால் பூஜ்யம், அதனால முதுகும் பூஜ்யம். மைனஸ்ஸோட நடுக்கால்ல கரண்டு உள்ள வருது, அதனால முதுகுலயும்...

ஐயய்யோ. மூடி!

இல்ல தம்பி, சூடாகுதேன்னு ரெண்டுக்கும் பின்னாடி ஒரே தகடு குடுத்தேன். பெரிய அலுமினியப் பாத்திரத்தோட மூடி, பாதியா வெட்டினது. பாத்திரத்தை இப்ப ஒரு தட்டைப் போட்டு மூடிட்டு இருக்கேன், அது வேற கதை. அந்த மூடியில ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு... நல்லா ஒட்டணுமேன்னு உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பளபளன்னு ஆக்கி, நடுவுல காத்துக் கூடப் போகாத மாதிரி இறுக்கித் திருகினேன் தம்பி! சுத்தமா வேலை பாத்தேன்னு எனக்கு நானே காப்பி போட்டுக் குடிச்சேன். பூஜ்யத்தையும் வர்ற கரண்டையும் என் கையாலயே ஒண்ணாக் கட்டிப்போட்டுட்டு, ஃபியூஸ் போச்சு, ஐசி போச்சு, கடைக்காரன் ஏமாத்திட்டான்னு...

குப்பையில போட்டேனே, அதெல்லாம் உயிரோட இருந்துச்சா? பாவம்... ரெண்டு உயிரு.

சிரிங்க, நல்லாச் சிரிங்க. மாடி வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்க கடைக்கு பல்பு வாங்க வர்றவதான், ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா.

என்ன இது, மெல்லிசா... மைக்காவா? சூடு போகும், கரண்டு போகாதா! இதை இத்தனை நாள் எங்க வச்சிருந்தீங்க? நான் கேக்கலையா. அதுவும் சரிதான், நான் எங்க உங்களைப் பேச விட்டேன்? திருகாணிக்கும் பிளாஸ்டிக் வளையமா, ஆமா, இல்லேன்னா அது வழியாப் போயிடும். ஸ்க்ரூ டிரைவரைக் குடுங்க, நானே செய்யறேன். ஒரே வீடு, நடுவுல ஒரு திரை. எங்க நாத்தனார் வந்தப்பவும் இதைத்தான் செஞ்சிருக்கணும்.

ஃபியூஸ் ஒண்ணு. போட்டாச்சு. மூடிக்கும் நடுக்காலுக்கும் பீப் இருக்கா பாருங்க... இல்ல. சரி, பிளக்கைக் குத்துங்க. நான் கண்ணை மூடிக்கறேன். சுவிட்சு போட்டீங்களா? போட்டீங்களா?

...சத்தமே இல்லையே.

பன்னெண்டா? அந்தப் பக்கம்? மைனஸ் பன்னெண்டு! பெட்டிக்குள்ள! மூடி மேல! தொட்டா வெதுவெதுன்னுதான் இருக்கு.

பையில ஆம்ப்ளிபயர் இருக்கு, எடுங்க தம்பி. மைக்கு அதுக்குக் கீழ. அவரைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா? கூப்பிட்டா கேக்காது, போய்த் தோளைத் தொடுங்க. வாங்க, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. இதை மாட்டுங்க. தலைமுடி கலையாது, இருந்தாத்தானே கலையறதுக்கு. ஆங், அப்படித்தான், பசங்க மாதிரியே இருக்கு.

ஏங்க! கேக்குதா?!

என்னது?

...கத்தாதேங்கறாரு தம்பி. "எதுக்கு இப்படிக் கத்தற, மெதுவாப் பேசு"ங்கறாரு.

மெதுவாப் பேசி எத்தனை வருஷமாச்சு, வரமாட்டேங்குதே... ஏங்க. இப்போ? இது போதுமா? இன்னும் மெதுவாவா?

தம்பி, ஒரு உதவி. இவ்வளவு நேரம் உங்களை நகர விடல, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் அந்தக் கடைசி ரேக் பக்கம் போயி ஏதாவது அடுக்கிட்டு இருக்கீங்களா? வேற ஒண்ணும் இல்ல. பொண்ணு போன் வர்றதுக்குள்ள இவர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.