போன வருஷம் அடிச்ச கேஸ்

அண்ணாச்சிமாரே, புள்ளிவிவரம் போதும். முன்வரிசையிலேயே ரெண்டு பேரு கொட்டாவி விட்டாச்சு. நிமிர்ந்து உக்காருங்க, ஒரு சின்ன கதை சொல்லுதேன். கதை நம்ம ஃப்ரிட்ஜ் மெக்கானிக் சங்கத்துக் கதைதான். கதையில வர்ற ஆளும் இங்கேயேதான் இருக்கார்... அந்தா, மூணாவது வரிசை, நீலச் சட்டை, மாசானம் அண்ணாச்சி. உங்க கதையைச் சொல்லலாமான்னு கேட்டேன். "சொல்லும்வே, ஆனா பாதியை முழுங்காம சொல்லும்"னார். முழுங்க மாட்டேன்.

இருபது வருஷம் இருக்கும். ஜெசிந்தான்னு ஒரு அக்கா, மருந்துக்குப் படிச்சவங்க, பஜார்ல மருந்துக்கடை வச்சிருந்தாங்க. கடையில ஒரு பழைய ஃப்ரிட்ஜ். அதுக்குள்ளதான் சர்க்கரைக்காரங்களுக்குப் போடுற இன்சுலின் மருந்து. சித்திரை வந்தாச்சுன்னா ஃப்ரிட்ஜுக்கு மூச்சு வாங்கிரும். உடனே மாசானம் அண்ணாச்சிக்குப் போன் போகும். இவரு வருவார், குளிர வைக்குத கேஸை உள்ள அடிப்பார், பத்து நிமிஷத்துல ஜில்லுன்னு ஆயிரும். காபியைக் குடிச்சிட்டுக் கிளம்பிருவார். ஊரே "கைராசி மாசானம்"னு சொல்லும். நாம எல்லாரும் செய்யுத வேலைதானே இது? இல்லைன்னு சொல்லுத ஆளு கையைத் தூக்குங்க பாப்போம்... ஒரு கையும் காணோம். சந்தோஷம்.

மூணு வருஷம் இப்படி ஓடிச்சு. நாலாவது சித்திரையிலயும் அண்ணாச்சி வந்தார், சிலிண்டரை இறக்கினார். அக்கா சாவகாசமா ஒரு கேள்வி கேட்டாங்க.

"அண்ணாச்சி, போன வருஷம் அடிச்ச கேஸ் எங்கே?"

எங்கே போகும்? காத்தோட போச்சு. அண்ணாச்சி அப்படித்தான் சொன்னார். அந்தக் கேஸ் ஆகாசத்துல ஓசோனைத் தின்னுதாமேன்னு அக்கா விடல. ஓசோன் யாருன்னு தெரியும்லா? சூரியனோட கெட்ட கதிர் நம்ம கண்ணுலயும் தோலுலயும் விழாம மேல நின்னு தடுக்குது பாருங்க, அதுதான். அண்ணாச்சிக்குக் கோவம் வந்துட்டு. எரிமலை கக்காத புகையா, கடல் கொடுக்காத உப்பா, நம்ம கேஸ்ல இருந்து ஓசோனைத் தின்னுத குளோரின் அதுலயும் இருக்குல்லா, இத்தினியூண்டு ஃப்ரிட்ஜ்தானா உலகத்தைக் கெடுத்துட்டுன்னு ஒரு பிடி பிடிச்சார்.

கேக்க நியாயமாத்தான் இருக்கு, இல்ல?

அக்கா உள்ள போய் ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்தாங்க. ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்கினாங்க. கரைஞ்சு போச்சு. அப்புறம் அண்ணாச்சி சிலிண்டர் குழாய் நுனியை அந்தத் தண்ணிக்குள்ள விட்டு, ஒரு நொடி திறக்கச் சொன்னாங்க. அந்த ஒரு நொடி கேஸுக்கு அக்காவும் பாவம் பண்ணினாங்கதான், மறைக்க மாட்டேன். கேஸ் கரையாம குபுகுபுன்னு குமிழி விட்டு மேல வந்து... போயிட்டு.

"கடல் உப்பு, எரிமலைப் புகை, இதுல பெரும்பாலும் மழையில கரைஞ்சு கீழ வந்துரும் அண்ணாச்சி. உங்க கேஸை எந்த மழையும் கழுவாது. அது கரையாம மெல்ல மேல போயிரும்."

அதுக்காக இயற்கை ஒண்ணுமே செய்யலைன்னு அக்கா சொல்லல. பெரிய எரிமலை வெடிச்சா ஓசோன் குறையும், சூரியனோட ஏத்த இறக்கத்துலயும் கூடும் குறையும். ஆனா அதெல்லாம் சில வருஷத்துல சரியாயிரும். நம்ம கேஸ் அப்படியா? நூறு வருஷம் கூட மேலயே கிடந்து தின்னும். அதனால ஓட்டை எங்கேன்னு கண்டுபிடிக்காம இனி கேஸ் அடிக்க விடமாட்டேன்னு சொல்லிட்டாங்க. இன்சுலினைத் துணியில சுத்தி ஐஸ் பெட்டியில வச்சாச்சு. சாயங்காலம் வரைக்கும்தான் ஐஸ் தாங்கும். அதுக்குள்ள ஃப்ரிட்ஜ் ஓடலைன்னா அத்தனை மருந்தும் குப்பை, அதை நம்பியிருக்குத சர்க்கரைக்காரங்க பாடு திண்டாட்டம்.

அண்ணாச்சி சட்டையைக் கழத்திப் போட்டுட்டு உக்காந்தார். சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பா தடவினார். மத்தியானம் ஆச்சு, ஒண்ணும் இல்ல. சாப்பிடக்கூடப் போகல. மூணு மணிக்கு ஒரு இடத்துல நுரை... சின்னதா ஒரு குமிழி விட்டுது. எந்த இடம்? நாலு வருஷத்துக்கு முன்னாடி கம்ப்ரஸர் மாத்தினப்போ குழாயை ஒட்டிப் பத்த வச்ச இடம். பத்த வச்சது யாரு?

கைராசி மாசானம்.

அக்கா அந்தப் பக்கம் மருந்து எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருக்காங்க. யாரும் பாக்கல. பழைய ஃப்ரிட்ஜு, குழாய் அரிச்சுப் போச்சுன்னு சொன்னா ஊரே நம்பும். சொல்லியிருக்கலாம்லா? நானா இருந்தா சொல்லியிருப்பேன், சத்தியமா சொல்லுதேன்.

அண்ணாச்சி எழுந்து அக்காகிட்டப் போனார். "தங்கச்சி, ஓட்டை என் கைதான். நான் பத்த வச்ச இடம்தான்" அப்படின்னார்.

அப்புறம் என்ன செஞ்சார் தெரியுமா? நம்ம சங்க ஆபீஸ் மூலையில சாக்கு போட்டு மூடிக் கிடந்ததே ஒரு மெஷின், மிச்ச கேஸை உறிஞ்சி சிலிண்டர்ல பிடிக்கிறது... அதை எடுத்து முதமுதலா ஓட்டின ஆளு அவருதான். மிச்சத்தைப் பிடிச்சு, ஓட்டையை அடைச்சு, அப்புறமா கேஸ் அடிச்சு, அஞ்சரை மணிக்கு ஃப்ரிட்ஜை ஓட விட்டார். ஐஸ் பெட்டியில அப்போ பாதி ஐஸ் பாக்கி இருந்துது.

அடுத்த சித்திரை வந்துது. போன் வரல. அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளல, தானே கடைக்குப் போயிட்டார். ஃப்ரிட்ஜ் பாட்டுக்கு ஓடுது. அக்கா சிரிச்சுக்கிட்டே அதே கேள்வியைக் கேட்டாங்க. "போன வருஷம் அடிச்ச கேஸ் எங்கே அண்ணாச்சி?"

"உள்ளதான் இருக்கு தங்கச்சி."

அன்னைக்குக் குடிச்ச காபி மாதிரி ஒரு காபியை இன்னைக்கு வரைக்கும் குடிக்கலைன்னு சொல்லுவார்.

ஏன் இந்தக் கதை? மேல ஆகாசத்துல நடந்ததும் இதேதான். எரிமலை மேல பழி போட்டு உலகம் தப்பிச்சிருக்கலாம். ஆனா நாடுங்க எல்லாம் உக்காந்து, இது நம்ம கைதான்னு ஒத்துக்கிட்டு, அந்தக் கேஸை நிறுத்துனாங்க. இன்னைக்கு ஓசோன் மெல்ல மெல்ல ஆறிக்கிட்டு வருது. ஒத்துக்கிட்டதாலதான் ஆறுது.

நாளைக்கு வேலைக்குப் போற வீட்டுல சிலிண்டரைத் திறக்குறதுக்கு முன்னாடி, போன வருஷம் அடிச்சது எங்கேன்னு உங்களை நீங்களே ஒருக்கா கேளுங்க.

மாசானம் அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிச்சு நில்லும். எல்லாரும் கை தட்டுங்க... ஃப்ரிட்ஜை ஓட வச்சதுக்கு இல்ல, அதை நாம எல்லாரும்தான் செய்யுதோம். யாரும் பாக்காத நேரத்துல "என் கைதான்"னு சொன்னாரே, அதுக்குத் தட்டுங்க.