ஓரமாக வைத்த ஈப்போ

சுதந்திரம் வந்த புதிதில், காஜா பேராங் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் தொலைபேசி நிலையத்து ஆப்பரேட்டர்கள் இருவர், ஷிப்ட் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு ஈப்போவைத் தூக்கி ஓரமா வச்சிட்டேன் அக்கா," என்றாள் இளையவள்.

"ஈப்போ உன்னை என்ன பண்ணுச்சு?"

"ஒரு பெரியவரு அந்த ஊர்ல இருக்கிற மகனுக்கு டிரங்க் கால் கேட்டாரு. சம்சாரம் ஆஸ்பத்திரில, மகன் இன்னைக்கே கிளம்பணுமாம். எப்ப அடிச்சாலும் எங்கேஜ். அதையே பிடிச்சுக்கிட்டிருந்தா மத்த கால் எல்லாம் மாட்டிக்கும்லா."

"ஒவ்வொரு தடவையும் முன்னைவிட கூடுதலா நேரம் விட்டு அடிக்கணும்."

"அப்படித்தான் அடிச்சேன். கிடைக்கலை. அந்தக் கால் எழுதின சீட்டைத் தனிப் பெட்டியில போட்டுட்டேன்."

"சரிதான். அடுத்த ஷிப்டுகாரிகிட்ட சொன்னியா?"

இளையவள் ஜன்னல் வழியாக, வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தாள். ஒதுக்கி வைக்க எல்லா அலுவலகத்திலும் ஒரு பெட்டி உண்டு. அதைத் திறந்து பார்ப்பது யார் வேலை என்று, நான் உத்தியோகம் பார்த்த எந்த இடத்திலும் விதி எழுதியதில்லை.

"அலாமாக்! மறந்தே போச்சே. அவரு இன்னும் நம்ம ஆபீஸ் பெஞ்சுலதான் உக்காந்திருப்பாரு."

"காலையில போய்ப் பாரேன்."

"காலையிலதான் ஆப்பரேஷன் அக்கா."

மூத்தவளே எழுந்து மணிக்கயிற்றை இழுத்தாள். "டிபன் கேரியரை என்கிட்ட கொடு. ஓடு."