மூன்றாவது சிலிண்டர்

டீசல் லாரி வைத்திருக்கிறவர்கள் காலையில் செய்யவேண்டிய முதல் வேலை, ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடிப்பதுதான், சார். அரை டம்ளர்கூட இருக்காது. ஆனால் அதைச் செய்யாத வண்டி என்றைக்காவது நடுரோட்டில் நின்று உயிரை வாங்கும். வாசலில் நிற்கிற உங்கள் ஜீப்புக்கு ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வரும்போது புகையைப் பார்த்தேன். மாற்றச் சொல்லுங்கள்.

நான் லாரி ஷெட்டில் தலைமை மெக்கானிக். பத்தொன்பது வருடமாக இருபத்திரண்டு வண்டிகளைக் கவனித்து வந்தேன். ஆயில் மாற்றுவது, டேப்பட் பார்ப்பது, ரேடியேட்டர் தண்ணீர், பெல்ட் இழுவை, எதையும் தள்ளிப்போட்டதில்லை. நோய் வந்தபின் மருந்து தேடுகிறவன் நான் இல்லை.

ஷெட்டில் என்னைக் 'காதண்ணன்' என்பார்கள். மரப்பிடி போட்ட நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தால் உள்ளே எது சரியில்லை என்று சொல்லிவிடுவேன். "அவர் காதுல யாரும் பூ சுத்த முடியாதுப்பா" என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். கேட்டு முடித்துப் பானெட்டை இரண்டு தட்டு தட்டுவேன். அந்தத் தட்டு விழாமல் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டியதில்லை. அப்படியொரு சட்டம் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

போன வருடம் அவன் ஷெட்டுக்கு வேலைக்கு வந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். நகத்தில் கிரீஸ் இருக்காது. சட்டைப் பையில் எப்போதும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் சீசாக்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஆயிலை அதில் பிடித்து, வண்டி நம்பர் ஒட்டி, சோதனைக்கூடத்துக்கு அனுப்புவான். ஆயிலில் என்ன உலோகம் கரைந்திருக்கிறது என்று நாலு நாளில் காகிதம் வரும். அதை வைத்து எந்தப் பாகம் தேய்கிறது என்று சொல்வான். டிரைவர்கள் அவனுக்குச் 'சீசா' என்றே பேர் வைத்தார்கள். ரத்தப் பரிசோதனை ஆச்சு, அடுத்து மூத்திரம் எப்போ என்று கேட்டு அவனை ஓட்டினார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அவனிடம் எனக்குப் பிடிக்காமல் போன முதல் விஷயம் அதுதான்.

மூன்று மாதத்தில் இரண்டு வண்டிகளில் என் காதுக்குப் படாத தேய்மானத்தைக் காகிதம் காட்டியது. முதலாளி அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். தன் மேஜைக்கு எதிரே அவனுக்கு ஒரு நாற்காலி போட்டார். பத்தொன்பது வருடமாக அந்த அறையில் நான் நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறேன். டீக்காரர் முதல் கிளாஸை அவனிடம் நீட்ட ஆரம்பித்தார். இனி என் தட்டு வேண்டாம், சீசா கையெழுத்து போட்ட காகிதம் இருந்தால் வண்டி போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வீட்டிலும் அவன்தான். "அவரு ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடறாராம், சட்டைகூட கசங்கலையாம். நீங்களும் அந்த சீசாவைக் கத்துக்கிட்டா என்ன?" என்றாள் மனைவி. நான் சாப்பிட்டுக் கை கழுவினேன்.

பொறாமை என்று எழுதுகிறீர்களா? எழுதுங்கள். என் அகராதியில் அதற்கு நியாயம் என்று பேர்.

சீசாக்களை அவன் ஜன்னல் திட்டில் வரிசையாக வைப்பான். சாயங்காலம் பார்சல் ஆள் வந்து எடுத்துப்போவார். பூட்டு கிடையாது. ஒரு மத்தியானம், கழற்றிப்போட்ட பழைய பேரிங் ஒன்றை உப்புத்தாளில் தேய்த்தேன். விபூதி மாதிரி மெல்லிய பொடி வந்தது. நகக்கண்ணில் ஒட்டுகிற அளவு எடுத்து ஒரு சீசாவில் கலந்து குலுக்கினேன். அவ்வளவுதான்.

பேரிங் தேய்கிறது என்று காகிதம் வந்தது. அவன் எஞ்சினின் அடித்தொட்டியை இறக்கிப் பார்த்தான். பேரிங்குகள் கண்ணாடி மாதிரி இருந்தன. வண்டி இரண்டு நாள் வீணாக நின்றது. அடுத்த மாதம் இன்னொரு சீசாவில் கலந்தேன். அந்த வண்டியும் நின்றது, அதிலும் ஒன்றுமில்லை. டிரைவர்கள் இப்போது வேறு மாதிரி சிரித்தார்கள். முதலாளியின் அறையிலிருந்து நாற்காலி போகவில்லை. ஆனால் அதன்மேல் பழைய ஃபைல்கள் ஏறின.

அவன் என்னைச் சந்தேகப்படவே இல்லை. என்னிடமே வந்து கேட்டான். "அண்ணே, நான் ஆயில் பிடிக்கிற முறையில ஏதாச்சும் தப்பு இருக்கா? கொஞ்சம் பக்கத்துல நின்னு பாருங்களேன்." நின்று பார்த்தேன். சுத்தமாகச் செய்தான். ஒரு தப்பும் இல்லை என்று உண்மையைத்தான் சொன்னேன்.

மூன்றாவது காகிதம் பதினாலாம் நம்பர் வண்டிக்கு வந்தது. பேரிங் உலோகம் எல்லையைத் தாண்டியிருந்தது. அந்தச் சீசாவை நான் தொடவில்லை, சார். இதைத் தனியாக அடிக்கோடு போட்டு எழுதுங்கள்.

அன்றைக்குக் காலை அந்த வண்டி பாரம் ஏற்றி, மலைப்பாதையில் இறங்கவேண்டிய பயணத்துக்குத் தயாராக நின்றது. சீசா அதை நிறுத்தச் சொன்னான். முதலாளிக்கு முகம் சிவந்தது. "மறுபடியுமா?" என்றவர், அவனைத் தாண்டி என்னைப் பார்த்தார். "நீங்க கேட்டுச் சொல்லுங்க. நீங்க தட்டிக் குடுத்தா வண்டி போகட்டும்."

எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. ஷெட்டில் ஸ்பேனர் சத்தம்கூட நின்றுவிட்டது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். ஆக்சிலேட்டரை மிதித்து எஞ்சினை முறுக்கி, சட்டென்று விடச் சொன்னேன். பேரிங் கோளாறு முறுக்கும்போது பேசாது, விடும்போதுதான் பேசும். ஒவ்வொரு சிலிண்டராக வைத்துக் கேட்டேன். மூன்றாவதுக்குக் கீழே அது இருந்தது. மூடின கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ விரலை மடக்கி மெதுவாகத் தட்டுகிற மாதிரி, டொக், டொக். இன்னும் நூறு மைல் தாங்கலாம். தாங்காமலும் போகலாம்.

நான் நிமிர்ந்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீசாவும்.

"கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லிப் பானெட்டை இரண்டு தட்டு தட்டினேன்.

நெட்டை என்று கூப்பிடுவார்களே, அந்த வண்டியின் டிரைவர், அவர்தான் முதலில் கைதட்டினார். சீசா காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். எதுக்கும் நானும் கூடப் போறேன், ஆயில் மீட்டரைப் பாத்துக்கிட்டே வர்றேன்" என்று கேபினில் ஏறினான்.

அப்போதும் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. நெட்டை வெற்றிலை எச்சிலைத் துப்பி, கண்ணாடியைச் சரிசெய்து, கியர் போடுகிறவரை எனக்கு நேரம் இருந்தது. நான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

இறக்கத்தில் என்ன நடந்தது என்று நெட்டை ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொல்லியிருப்பார். என்னிடமும் சொன்னார். ஆயில் மீட்டர் முள் இறங்க ஆரம்பித்ததுமே சீசா வண்டியை ஓரங்கட்டச் சொல்லியிருக்கிறான். "காதண்ணனே தட்டிக் குடுத்துட்டாரு, நீ சும்மா வா மச்சான்" என்று இவர் சிரித்திருக்கிறார். இரண்டு வளைவு தாண்டியதும் எஞ்சின் உள்ளே உடைந்து நின்றது. எஞ்சின் நின்றால் இறக்கத்தில் வண்டியை இழுத்துப் பிடிக்கிற அதன் பிடிப்பு போய்விடும், ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். இவருக்கு இரண்டு காலும் போயின. அவன் உட்கார்ந்த பக்கம் பாறையில் மோதியது.

நெட்டை அழுதுகொண்டே சொன்னார். நான் ஆறுதல் சொன்னேன். மீட்டர் முள் கண்ணெதிரே இறங்கும்போதுகூட அவர் என் காதைத்தான் நம்பியிருக்கிறார் என்பது மட்டும் மனதில் நின்றது. அது தப்பா என்று தெரியவில்லை.

இதோடு முடிந்திருக்கும், சார். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்களும் விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். எல்லாரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். அதுதான் தாங்கவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மேல தப்பில்லண்ணே. வயசானா காது மந்தமாறது சகஜம்தானே. அவரு இருந்தாலும் உங்களைக் கோவிச்சுக்க மாட்டாரு." முதலாளியும் அதையே, இன்னும் சத்தமாக, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து சொன்னார். என்னைக் கேட்டில் வரவு போக்கு எழுத உட்கார வைத்தார். உட்கார ஒரு நாற்காலியும் கொடுத்தார். இப்போது எல்லா வண்டியின் ஆயிலும் சீசாவில் போகிறது. அவனுடைய கடைசிக் காகிதத்தைச் சட்டம் போட்டு ஷெட் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். புது டிரைவர் ஒருவரிடம் டீக்காரர் கை நீட்டிக் காட்டினார்: "அவரு சொன்னது கரெக்ட்டு. பாவம், பெரியவருக்குத்தான் கேக்கலை."

அதனால்தான் நானாக வந்தேன். யாரும் ஸ்டேஷனுக்கு இழுத்து வரவில்லை.

டாக்டரை வைத்து என் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். அடுத்த அறையில் உங்கள் ரைட்டர் பேனா மூடியைத் திருகுவதுகூட எனக்குக் கேட்கிறது. அந்தத் தேய்மானத்தைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு சோதனைக்கூடமும் நாலு நாளும் தேவைப்பட்டது. எனக்கு ஒரு நிமிடம். மூன்றாவது சிலிண்டர் என்று அவன் காகிதத்தில்கூட இல்லை. உடைந்த எஞ்சினைத் திறந்து பாருங்கள், போனது மூன்றாவதா இல்லையா என்று.

எல்லாம் எழுதியாகிவிட்டதா? கொடுங்கள், கையெழுத்து போடுகிறேன். இதில் ஒரு நகல் ஷெட்டுக்கு அனுப்ப முடியுமா, சார்? டிரைவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும்.