ஸ்ட்ரெதம் பூங்காவில் விழாத ஷெல்

நான் கத்தினேன் என்றுதான் முதலில் நம்பினேன். அதுவும் பூங்காவே அதிரக் கத்தினேன் என்று.

"படு! மலர், படு!"

புல்லில் குப்புறக் கிடக்கிறேன். வாய்க்குள் மண். வலது கையில் ஒரு மட்டன் ரோல். அதை விடவில்லை. உயிர் போனாலும் சரக்குப் போகக்கூடாது என்று கை தானாக முடிவெடுத்திருக்கிறது. சனிக்கிழமை. பகல் பன்னிரண்டே கால். லண்டன், ஸ்ட்ரெதம் பக்கத்துப் பூங்கா. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. எடையைச் சொல்லமாட்டேன்.

சத்தம் ஒன்று. டும். அடிவயிற்றில் கேட்கிற சத்தம். போர்க்காலத்தில் ஊரில், வன்னியில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஷெல் என்கிற பீரங்கிக் குண்டு புறப்படும்போது ஒரு சத்தம். விழும்போது ஒரு சத்தம். இடையில் எண்ண வேண்டும். எண்ணி முடிவதற்குள் பங்கருக்குள், அந்தப் பதுங்கு குழிக்குள் இருக்க வேண்டும்.

எண்ணுகிறேன். எட்டு. ஒன்பது. விழவில்லை. பதினைந்து. கூவலும் இல்லை. விழுகிற சத்தத்தைக் கேட்டவன் தப்பியவன். கேட்காதவன் செத்தவன். அப்படியென்றால் நான் செத்துப்போனேன். மேலுலகத்தில் பொரித்த எண்ணெய் மணக்கிறது.

மலர் என் மனைவி. பத்து அடி தள்ளி, எங்கள் ரோல்ஸ் கடை மேசையருகில் நிற்கிறாள். நிமிர்ந்து. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மறுபடி டும். "படு!" அவள் படுக்கவில்லை. ஒரு வெள்ளைக்காரருக்கு சோஸ் ஊற்றுகிறாள். ஓடிப்போய் அவளை இழுத்து விழுத்த வேண்டும். எழும்ப ஏலாது. கால்கள் இருக்கின்றன. ஆனால் என் பேச்சைக் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

நடந்தது இதுதான். பழைய சண்டைகளை நடித்துக் காட்டுகிற கழகம் ஒன்று. அன்று அவர்கள் எடுத்தது 1812. அமெரிக்கர் பிரித்தானியரோடு பொருதிய போர். சிவப்புக் கோட்டு ஆட்கள். நீலக் கோட்டு ஆட்கள். பீரங்கி இரண்டு. வெடிமருந்து மட்டும், குண்டு இல்லை. அதனால் விழவில்லை. கடை போடுகிறவர்களுக்கு முன்னரே ஈமெயில் வந்திருந்தது. மலர் வாசித்தாள். எங்கள் வான் வண்டியில் வரும்போது எனக்கும் சொன்னாள். "ஓம், ஓம். நான் காணாத பீரங்கியோ" என்றேன். பெரிய வீரன்.

ஒலிபெருக்கியில் ஒருவர் போருக்குக் காரணம் சொல்கிறார். புல்லில் கிடந்தபடி கேட்கிறேன். பிரித்தானியக் கடற்படைக்கு ஆள் போதவில்லை. அமெரிக்கக் கப்பல்களை மறித்தார்கள். மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வியாபாரத்தை முடக்கினார்கள். அமெரிக்கருக்கும் கனடாவில் ஒரு கண். போர். கனடாவில் ஊர்கள் எரிந்தன. வாஷிங்டன் எரிந்தது. பிறகு உடன்படிக்கை. எல்லைகள் பழையபடி. பிடித்துக்கொண்டு போனவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கையெழுத்து வைத்த செய்தி கப்பலில் போய்ச் சேர முதல் இன்னொரு பெரிய சண்டை. சமாதானத்துக்குப் பிறகும் செத்தார்கள். பிரித்தானியரை நம்பிப் பக்கத்தில் நின்ற பூர்வகுடிகளுக்கு நிலமும் போனது.

சனம் கை தட்டியது.

ஆள் பிடிக்கிற கதை எனக்குத் தெரியும். 2008 கடைசி. சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கக்காரர் எங்களிடமும் கேட்டு வந்தார்கள். என் தம்பி சுதன். பத்தொன்பது வயது. மூன்று மாதம் பங்கருக்குள் ஒளித்து வைத்திருந்தோம். பங்கர் வாசலில் இருந்து காது கொடுப்பது என் வேலை. ஷெல் புறப்படுகிற சத்தம் கேட்டால் கத்துவேன். எல்லோரும் படுப்பார்கள். வேறு ஒன்றுக்கும் நான் உதவவில்லை.

2009 மாசி மாதம். காலை. தண்ணீர் முடிந்துவிட்டது. "அண்ணை, நான் அள்ளிக்கொண்டு வாறன். காலும் விறைச்சுப் போச்சு" என்றான் சுதன். வாளியோடு போனான். கிணறு முப்பது அடி தூரம். டும். எண்ணினேன். எட்டில் விழுந்தது.

நான் கத்தினேன். காற்று எதிர்ப்பக்கம். அவனுக்குக் கேட்கவில்லை. அம்மாவுக்கு அப்படித்தான் சொன்னேன். இங்கே வந்து அகதி விசாரணையிலும் அப்படித்தான் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் காற்றைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

பூங்காவில் புகை கலைகிறது. சிவப்புக் கோட்டுக்காரர் ஒருவர் குனிந்து என் தோளைத் தட்டுகிறார். அருமையாகச் செத்தீர்களாம். அடுத்த தடவை உடுப்பும் தருவார்களாம்.

மலர் ஓடிவந்தாள். "என்னப்பா, ஏன் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறீங்கள்? சனம் போட்டோ எடுக்குது."

"உம்மைப் படு எண்டு கத்தினனே! கேக்கேல்லையோ?"

"கத்தினீங்களோ? ஒரு சத்தமும் வரேல்லை."

பக்கத்து மேசையில் தேத்தண்ணி விற்கிற அண்ணை எட்டிப் பார்த்தார். "வாய் மட்டும்தான் அசைஞ்சது தம்பி. கரையில போட்ட மீன் மாதிரி."

சிரித்தேன். எதையும் சிரித்துச் சமாளிப்பதுதான் என் பிழைப்பு. மலர் சிரிக்கவில்லை. புல்லில் என் பக்கத்தில் இருந்தாள். சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அண்டைக்கும் வரேல்லையப்பா. பங்கருக்குள்ள நான் உங்களுக்குப் பக்கத்திலதானே இருந்தனான்."

இத்தனை வருடமாக அவளுக்குத் தெரியும்.

ஸ்ட்ரெதமில் போனவை: நான் விழும்போது கையில் இருந்த தட்டோடு கொட்டிய ரோல்ஸ் இருபத்திரண்டு, மூக்குக்கண்ணாடி ஒன்று. வன்னியில் போனவை: வீடு, மாடு இரண்டு, சைக்கிள் ஒன்று. ஆள் ஒருவர். சுதன். எட்டு எண்ணும்வரை நேரம் இருந்தது. நான் கத்தவில்லை.