புள்ளி இல்லாத போல்ட்டு

இல்லீங்க மொதலாளி, மொதல்ல அந்த எண்ணத்த மனசுலேர்ந்து எடுத்துடுங்க. எஞ்சினுக்கும் மேல இருக்கற ஹெட்டுக்கும் நடுவுல வெக்கிற கேஸ்கட்டு போனாலே டிரைவர் தண்ணி பாக்காம எஞ்சினச் சூடாக்கிட்டான்னு ஊரே நம்புது. படிச்சவங்க நம்பறாங்க, படிக்காதவங்க நம்பறாங்க, வண்டியே இல்லாதவங்க இன்னும் பலமா நம்பறாங்க. சூரியன் பூமியச் சுத்துதுன்னு ரொம்ப நாள் நம்பிட்டிருந்தாங்கல்ல, அதுக்கு அடுத்த பெரிய தப்பு இதுதான்.

கையெழுத்து போடறேன், போடறேன். டிரைவர் தப்புன்னு நீங்க எழுதிக் கொண்டாந்த காகிதம் எங்கயும் ஓடிடாது. இந்த எண்ணெய்க் கையோட போட்டா உங்களுக்குத்தான் அசிங்கம். உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும்.

நத்தையண்ணன் கேட்டுக்கு வெளிய நிக்கறாரு. பாக்காத மாதிரி பாருங்க. தலகாணி, போர்வை, பை எல்லாத்தையும் வண்டியிலேர்ந்து எறக்கிட்டாரு. பதினோரு வருஷம் உங்க லாரிய ஓட்டினவரு. சைக்கிள்காரன் முந்திட்டுப் போவான், அதனாலதான் அந்தப் பேரே. நான் இதுல கையெழுத்து போட்டா அவருக்கு வேல போச்சு. உங்ககிட்ட மட்டும் இல்ல, இனி ஒருத்தரும் அவர நம்பிச் சாவி குடுக்க மாட்டாங்க. அட, கோவப்படாதீங்க. நீங்க எழுதினதத்தானே சொல்றேன்.

நடந்தது என்ன? மேட்டுல இழுக்கல, எஞ்சின் நொண்டுதுன்னு அவரே ஓரங்கட்டிட்டு உங்களுக்குப் போன் போட்டாரு. சரியா? நான் ஆறு சிலிண்டர்லயும் கேஜ் மாட்டி கம்ப்ரஷன், அதான் உள்ள காத்து அழுத்தம், பாத்தேன். நாலு சிலிண்டர்ல முள்ளு நானூறு பக்கத்துல நிக்குது. மூணாவதும் நாலாவதும் எரநூறக்கூடத் தாண்டல. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு, கவனிங்க. பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருந்தா உள்ள ஒரு கரண்டி எண்ணெய் விட்டதும் முள்ளு ஏறணும். விட்டேன். அசையல. அப்ப நடுச்சுவருதான் ஒடஞ்சிருக்கு, இந்த வீட்டுக் காத்து அந்த வீட்டுக்குப் போவுதுன்னு ஹெட்டக் கழட்டினேன். ரெண்டுக்கும் நடுவுல கேஸ்கட்டு சுண்டுவெரல் அகலத்துக்குக் கருகிக் கெடக்கு.

ஆமாங்க, சூட்டுலதான் கருகும். யாரு இல்லன்னா? ஆனா எஞ்சின் மொத்தமும் கொதிச்ச சூடு வேற, ஒரு சந்து வழியா நெருப்பு பூந்து வர்ற சூடு வேற. கொதிச்சிருந்தா ஹெட்டு வளைஞ்சிருக்கணும். இந்தாங்க ஸ்கேலு. ஹெட்டுக்கு அடிப்பக்கம் வைங்க. ஸ்கேலுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இந்தத் தகட்ட விட்டுப் பாருங்க, முடி கனம்தான். எங்கயாவது உள்ள நுழையுதா பாருங்க. அந்த ஓரத்துலயும் பாருங்க. அழுத்தாதீங்க, வளைஞ்சிடும். நுழையலல்ல? ரேடியேட்டர்ல தண்ணி கழுத்து வரைக்கும் இருந்துச்சு. நத்தையண்ணன் தெனமும் பாக்கறவரு.

கேஸ்கட்டு மட்டமான சரக்கா? அப்படித்தான் இருக்கணும்னு நானும் ரெண்டு மணி நேரம் ஆசப்பட்டேன். இல்ல. மத்த எடமெல்லாம் புதுசு மாதிரி இருக்கு. நாலு மாசம் முன்னாடி மாட்டினது. நான்தான் மாட்டினேன்.

சொல்றேன், அவசரப்படாதீங்க. அவசரத்துலதான் எல்லாமே. ஹெட்டுக்கு இருபத்தாறு போல்ட்டு. நட்டநடுவுல ஆரம்பிச்சு வெளிய வெளிய போகணும். அதே வரிசையில எல்லாத்தையும் மூணு சுத்து, சுத்துக்குச் சுத்து பலமா இறுக்கணும். மூணாவது சுத்து முடிஞ்ச போல்ட்டு தலையில ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைப்பேன். செவப்பு. வீட்டுக்காரி திட்டிக்கிட்டே குடுத்தது. பட்டறையில எல்லாரும் கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் பண்றான்னு கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும். கடைசியா புள்ளிய எண்ணிப் பாத்துட்டுத்தான் மேல்மூடிய மூடுவேன்.

அன்னிக்கு மூணாவது சுத்துக்கு ரெஞ்ச மொத போல்ட்டு மேல வெச்சேன், போன் அடிச்சுது. யாரா? அது இப்ப எதுக்கு? சரி, நீங்கதான். லோடு நிக்குது, வண்டி எப்ப வரும்னு ஆறு நிமிஷம். நீங்க பேசினது தப்பில்ல மொதலாளி, நான் எடுத்ததுதான் தப்பு. வெச்சுட்டு வந்து, மொத போல்ட்ட முடிச்சுட்டதா நெனச்சு ரெண்டாவதுலேர்ந்து தொடர்ந்தேன். எண்ணாமயே மூடிட்டேன்.

அந்த அட்டையப் பாருங்க. கழட்டின போல்ட்டையெல்லாம் எஞ்சின்ல இருந்த வரிசையிலயே ஓட்ட போட்டுச் சொருகியிருக்கேன். செவப்புப் புள்ளிய எண்ணுங்க. வெரல் வெச்சே எண்ணுங்க. இருபத்தஞ்சா? நல்லா எண்ணுனீங்களா? புள்ளி இல்லாதது எங்க இருக்கு? ம். மூணுக்கும் நாலுக்கும் நடுவுலதான். கழட்டும்போதே மத்ததவிட லேசா வந்துச்சு.

பதினோரு மணிக்கு வர்றேன்னு சொன்னீங்க, பன்னெண்டரைக்கு வந்தீங்க. அத்தன நேரமும் அந்த போல்ட்டு ஒரு கையில, தொறந்த பாட்டில் ஒரு கையில, ஒரு சொட்டு வெச்சுட்டா இருபத்தாறும் சரியாயிடுமேன்னு இங்கயேதான் நின்னுட்டிருந்தேன். இங்கேர்ந்து பாத்தா கேட்டும் தெரியுது, அந்தத் தலகாணியும் தெரியுது.

குடுங்க அந்தக் காகிதத்த. டிரைவர்னு இருக்கற எடத்த அடிச்சுட்டு மெக்கானிக்குன்னு எழுதறேன். கையெழுத்தும் போடறேன். அவரக் கூப்பிட்டுச் சாவியக் குடுங்க.

அந்த பாட்டிலா? மூட மறந்துட்டேன். அடியில கொஞ்சந்தான் இருந்துச்சு, காஞ்சு போச்சு.